மோடத்தை இடம் மாற்றப் போய்...

ஹாலில் இருக்கும் இன்டர்நெட் பெட்டியை உள் அறைக்கு நாமே மாற்றிக்கொள்ளலாமா என்று நமது சங்க அன்பர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. ரயில்வே சிக்னல் - தொலைத்தொடர்புப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டியவன் ஆயிற்றே, இவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்ற எண்ணம். அதே எண்ணம் எனக்கும் இருந்ததுதான் வினை.

2024 ஏப்ரலில் என் மனைவிக்கு இடுப்பெலும்பில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மூன்று மாதம் பின்னறையில் படுக்கை. கும்பகோணத்தில் இருக்கும் என் மாமியாருக்கு வயது எண்பத்தெட்டு. காது அறவே கேட்காது. தினமும் மாலை ஏழு மணிக்கு வீடியோவில் மகள் முகத்தைப் பார்த்தால்தான் அவருக்கு ராச்சாப்பாடு இறங்கும். பின்னறையிலோ படம் உறைந்து உறைந்து நின்றது. அசையாத முகத்தைக் கண்டு அந்த அம்மாள் பதறிப்போவார்.

மார்ச் வரை ஓரளவு வந்துகொண்டிருந்தது ஏன் கெட்டது? நாக்பூர் வெயிலைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். நடைவழியில் இரும்புக் கூலரை எடுத்து வைத்திருந்தோம். அதில் ஐம்பது லிட்டர் தண்ணீர். பக்கத்தில் ஸ்டீல் பீரோ. வைஃபை அலையை இரும்பு திருப்பி அடிக்கும், தண்ணீர் குடித்துவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் நோஞ்சான். 2.4 கிகாஹெர்ட்ஸ் சற்றுத் தாக்குப்பிடிக்கும். கூலரை நகர்த்தினால் நோயாளிக்குப் புழுக்கம். ஆகவே மோடத்தை நகர்த்தத் துணிந்தேன்.

சுவரோரம் சுருட்டி வைத்திருந்த மெல்லிய கேபிளைப் பிரித்து, கதவு நிலையின் மூலையில் நன்றாக மடித்து, கிளிப் வைத்து ஆணி அடித்தேன். செம்புக் கம்பியை அப்படித்தான் மடிப்போம். 2000-ல் ரெயில்டெல் வந்தபின் தண்டவாளத்தோரம் ஃபைபர் வெகுவாகப் பெருகியது உண்மை. என் கை என்னவோ செம்பிலேயே பழகிய கை. சுவிட்சைப் போட்டதும் லாஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தது. வெளிச்சம் வரவில்லை என்று அதற்குப் பொருள்.

இரண்டு நாள் தொடர்பு இல்லை. மைத்துனர் என்ன எழுதிக் காட்டியும், "எங்கிட்ட எதையோ மறைக்கிறீங்க" என்று மாமியார் சாப்பிடாமலே படுத்துவிட்டாராம். மனைவி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மூன்றாம் நாள் வந்த பையன் மூலையைப் பார்த்ததுமே, "காகா, இது கம்பி இல்லை, கண்ணாடி" என்று மராத்தியில் சொல்லிச் சிரித்தான். அதற்குள் ஒளி ஓடும் பகுதி சுமார் 9 மைக்ரான்தான். தலைமயிர் இதைப்போலப் பல மடங்கு தடிமன். ஒளி உள்ளேயே பட்டுப் பட்டுத் திரும்பி ஓடுகிறது. கூர்மையாக மடித்தால் அந்த இடத்தில் வெளியே கசிந்துவிடும். அவன் மீட்டரில் −29 என்று காட்டியது. முன்பு −21 இருந்ததாம். இந்தக் கணக்கில் மூன்று குறைந்தால் ஒளி பாதியாகும். எட்டுக் குறைந்தால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் மிச்சம். −27-க்குக் கீழே போனால் பெரும்பாலும் மோடம் தடுமாறும்.

கிளிப்புகளைப் பிடுங்கி, பழுதான துண்டை வெட்டி, புது முனை போட்டான். பச்சை நிற முனை 8 பாகை சாய்வாகச் சீவப்பட்டது. நீல முனையோடு சேராது. கழற்றினால் மூடி போட வேண்டும், தூசி ஆகாது. அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கக்கூடியது.

மோடம் மறுபடி ஹாலுக்கே போனது. அவன் சொன்ன யோசனைப்படி, அங்கிருந்து பின்னறைக்குப் பதினான்கு மீட்டர் லேன் கேபிள் இழுத்தேன். அது செம்பு, என் ஜாதி! நூறு மீட்டர் வரை கவலையில்லை. பரணில் கிடந்த பழைய ரௌட்டரை அங்கே வைத்தேன். மோடத்தின் எண் 192.168.1.1 என்பதால் இதற்கு 192.168.1.2 என்று கொடுத்து, டிஹெச்சிபி என்பதை அணைத்தேன். இல்லாவிட்டால் ஒரே ஸ்டேஷனுக்கு இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர் கொடி காட்டிய கதையாகிவிடும். கேபிளை வேன் துளையில் செருகாமல் லேன் துளையில் செருக வேண்டும்.

மோடத்தையே மாற்றித்தான் ஆகவேண்டும் என்பவர்கள் கம்பெனி ஆளைக் கூப்பிடுங்கள். அதற்கு முன் புது இடத்தில் இன்வர்ட்டர் லைனில் பிளக் இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் மின்வெட்டு தெரிந்ததுதானே.

அன்று மாலை ஏழு மணிக்குப் படம் தெளிவாக வந்தது. மாமியார் மகளைப் பார்த்தார், பிறகு கேமராவைக் காலருகே கொண்டுபோகச் சொல்லி இரண்டு காலும் இருக்கிறதா என்று பார்த்தார். என்னை விசாரிக்கவில்லை.