சம்பளத்தைச் சொல்லாமலே சராசரி தெரியணுமா? தாம்பரம் லோக்கலில் ஒரு குட்டிக் கணக்கு!

“உனக்கு எவ்வளவு சம்பளம்?” - நெருங்கிய தோழியிடம்கூடக் கேட்கத் தயங்கும் கேள்வி இது. அதிகம் என்றால் கண்பட்டுவிடும்; குறைவு என்றால் கௌரவக் குறைச்சல். ஆனால் மற்றவர்கள் வாங்குவது தெரியாவிட்டால், நமக்குக் குறைத்துத் தருகிறார்களா என்பதும் தெரியாதே!

இதற்கு ஒரு வழி இருக்கிறது. தாம்பரத்திலிருந்து பீச் செல்லும் ரயிலில் மூன்று தோழிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே மாதிரி வேலை, வேறு வேறு கம்பெனி.

முதல் தோழி மனதுக்குள் ஒரு ரகசிய எண்ணை நினைக்கிறார்: 4,13,000. தன் சம்பளம் 24,000-ஐ அதோடு கூட்டி, 4,37,000 என்று இரண்டாமவருக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அவர் தன் 31,000-ஐச் சேர்த்து, 4,68,000 என மூன்றாமவருக்கு அனுப்புகிறார். அவர் தன் 29,000-ஐக் கூட்டி, 4,97,000 என்று முதல் தோழிக்கே திருப்பி அனுப்புகிறார்.

ரகசிய எண்ணைக் கழித்தால் 84,000. மூன்றால் வகுத்தால் சராசரி 28,000. யாரும் யாரிடமும் சம்பளத்தைச் சொல்லவில்லை. ஆனால் தனக்கு 4,000 ரூபாய் குறைவு என்பது முதல் தோழிக்குப் புரிந்துவிட்டது!

கவனம்!

மூவரில் இருவர் கூட்டுச் சேர்ந்தால், மூன்றாமவரின் சம்பளம் வெளியே வந்துவிடும். ஆட்கள் அதிகமாக இருப்பது நல்லது. யாராவது பொய் எண் சொன்னால் விடையும் பொய்தான்.

பாஸ்டனில் நடந்தது

‘இரண்டு கோடீஸ்வரர்கள் சொத்துக் கணக்கைச் சொல்லாமலே, யார் பெரிய பணக்காரர் என்று அறிய முடியுமா?’ - 1982-ல் இந்தக் கேள்வியை எழுப்பி, முடியும் என்று காட்டியவர் கணினி விஞ்ஞானி ஆண்ட்ரூ யாவ். அதன்பின் வளர்ந்த துறை இன்று உண்மையான சம்பளப் பட்டியல்களுக்கே பயன்படுகிறது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஆண் - பெண் சம்பள வித்தியாசத்தைக் கணக்கிட விரும்பினார்கள். சம்பளப் பட்டியலை வெளியே காட்ட எந்த நிறுவனத்துக்குத்தான் மனசு வரும்? பாஸ்டன் பல்கலைக்கழகம் இதே வகைக் கணக்கில் ஒரு மென்பொருளை உருவாக்கியது. 2016-ல் 69 நிறுவனங்கள் பங்கேற்றன. எந்த நிறுவனம் எவ்வளவு தருகிறது என்பது வெளியே தெரியவில்லை. ஆனால் மொத்த விடை தெரிந்தது: ஆண்கள் 1 டாலர் வாங்கும் இடத்தில் பெண்கள் வாங்கியது 77 சென்ட்.

அடுத்த இன்க்ரிமென்ட் பேச்சுக்கு முன், நம்பகமான நாலைந்து பேரோடு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தாம்பரத்தில் தொடங்கினால், குரோம்பேட்டை வருவதற்குள் விடை வந்துவிடும்!