பழைய வாஷர் சொல்லும் பொய்

திருவண்ணாமலையில் செங்கம் சாலைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு லாரிப் பட்டறை இருக்கிறது. போன மாதம் அங்கே ஒரு ஆறு சக்கர லாரியின் கியர் பாக்ஸைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். ஜவ்வாது மலையில் சாமை மூட்டை ஏற்றப் போய் வருகிற வண்டி. ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்கும்போது இரண்டாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறதாம். டிரைவர் சொன்னார்: "வளைவுல எறங்கிட்டிருக்கேன், டப்புனு ஒரு சத்தம். அதுக்கப்புறம் பிரேக் மட்டும்தான் சார் தொணை."

மலைப்பாதையில் பாரத்தோடு இறங்கும் வண்டியைப் பாதி பிடித்து நிறுத்துவது இன்ஜின்தான். கியர் கழன்றால் அந்தப் பிடி போய்விடும். எல்லாச் சுமையும் பிரேக் மீது விழும், பிரேக் சூடேறும், சூடேற ஏறப் பிடி குறையும். இதே கோளாறுக்காக நாலு மாதம் முன்பே வேறொரு இடத்தில் வாஷர் மாற்றியிருக்கிறார்கள். அப்புறம் ஏன் திரும்ப வந்தது? அந்தக் கேள்விதான் இந்தக் குறிப்பை எழுத வைத்தது.

முதலில், அந்த வாஷருக்கு அங்கே என்ன வேலை என்று பார்ப்போம். வாஷர் என்றதும் போல்ட்டுக்கு அடியில் போடும் வட்டத் தகடுதான் ஞாபகம் வரும். கியர் பாக்ஸுக்குள் இருக்கும் த்ரஸ்ட் வாஷர் வேறு சாதி. பெரிய வண்டிகளில் முன்னோக்கிப் போகும் கியர்களுக்குப் பெரும்பாலும் பல்லைச் சாய்வாக வெட்டியிருப்பார்கள், சத்தம் குறையும் என்பதற்காக. சாய்ந்த பல் இன்னொரு சாய்ந்த பல்லைத் தள்ளினால் சுற்றுவதோடு நிற்காது, பக்கவாட்டிலும் ஒரு தள்ளு இருக்கும். அந்தத் தள்ளலைத் தாங்கி, கியர் ஷாஃப்ட் மீது எவ்வளவு தூரம் நகரலாம் என்று எல்லை போடுவதுதான் த்ரஸ்ட் வாஷர்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது கியர் ஒரு பக்கம் தள்ளப்படும். காலை எடுத்ததும் சக்கரம் இன்ஜினை இழுக்க ஆரம்பிக்கும், தள்ளு எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். அதாவது மிதித்து விடும் ஒவ்வொரு தடவையும் கியர் தன் இடைவெளிக்குள் முன்னும் பின்னும் போய் வாஷரை இடிக்கிறது. கார்த்திகை தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் கூட்டத்துக்குள் ஊர்ந்து வரும் பஸ்களை நினைத்துப் பாருங்கள். ஓடிய தூரம் கம்மிதான், ஆனால் இந்த இடி ஏராளம். கிலோமீட்டரை மட்டும் வைத்துக் கியர் பாக்ஸின் வயதைக் கணக்குப் போடக் கூடாது.

இடைவெளி கூடினால், கியர் விலகி நிற்கும்போது அதைப் பிடித்துக்கொள்ளும் பற்கள் முழு நீளத்துக்குக் கவ்வாது. நுனியில் மட்டும் கவ்வி நிற்கும், ஒரு குலுக்கலில் கழன்றுவிடும். ஃபோர்க் தேய்ந்தாலும், லாக் ஸ்பிரிங் தளர்ந்தாலும், கவ்வும் பற்களே மழுங்கினாலும் கியர் கழலும். அதனால் வாஷர் மேல் மட்டும் பழி போட்டுவிட்டு மற்றதைப் பார்க்காமல் மூடிவிடக் கூடாது.

இப்போது அந்த முதல் ரிப்பேருக்கு வருவோம். அங்கே செய்தது நம்மூரில் எல்லோரும் செய்வதுதான். பழைய வாஷரைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், "இதே மாதிரி ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள். ஆனால் அந்த சாம்பிளே தேய்ந்துபோனது! தேய்ந்ததைப் போலவே இன்னொன்று வாங்கிப் போட்டால் கோளாறும் அதே மாதிரி திரும்பும்.

சரி, கம்பெனி போட்ட அளவிலேயே புதுசு வாங்கினால் போதுமா? அதுவும் எப்போதும் போதாது. தேய்வது வாஷர் மட்டும் இல்லை, அது உரசும் கியரின் முகமும் தேய்கிறது. புரிவதற்காக ஒரு கணக்கு. பழைய வாஷர் 3.85 மி.மீ., அதைப் போட்ட நிலையில் இடைவெளி 0.55 மி.மீ. என்று வையுங்கள். மொத்த இடம் 4.40. கையேடு 0.20 முதல் 0.35 வரை கேட்கிறது. பழசுக்கு ஒத்த 3.90 போட்டால் இடைவெளி 0.50. புது அளவான 4.00 போட்டாலும் 0.40, இன்னும் அதிகம். 4.10 போட்டால்தான் 0.30, அதுதான் சரி. அதனால்தான் பல கியர் பாக்ஸ்களுக்கு வாஷரும் ஷிம்மும் பல கனங்களில் வருகின்றன. அளக்க வேண்டியது இடைவெளியை. கியரை ஒரு பக்கம் ஒதுக்கி, ஃபீலர் கேஜை எதிரெதிரே இரண்டு இடத்தில் விட்டுப் பாருங்கள். வாஷர் கனத்துக்கு மைக்ரோமீட்டர். எல்லை எவ்வளவு என்பதை அந்தந்த கியர் பாக்ஸின் கையேடுதான் சொல்லும், பெட்டிக்குப் பெட்டி மாறும்.

"டைட்டா இருந்தா நல்லதுதானே" என்று கனமாகப் போடுவதும் தப்பு. எண்ணெய் புக இடமில்லாமல் சூடேறி ஒட்டிக்கொள்ளும். வெண்கல முகமும் எண்ணெய்க் காடியும் உள்ள வாஷர் என்றால், அந்த முகம் கியர் உரசும் பக்கம் இருக்க வேண்டும். சுற்றாமல் தடுக்கும் காது இருந்தால் அது பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.

பராமரிப்பில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எண்ணெய் மாற்றும்போது டிரெயின் பிளக்கின் காந்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். காந்தம் இரும்பைத்தான் பிடிக்கும், வெண்கலத்தைப் பிடிக்காது. எண்ணெயை அகலமான தட்டில் பிடித்து வெயிலில் காட்டுங்கள். பொன்னிறத் தூள் மின்னினால் வாஷரோ சின்க்ரோ வளையமோ கரைகிறது என்று அர்த்தம். கையேடு ஜி.எல்-4 எண்ணெய் கேட்டால் 'இது உசத்தி' என்று ஜி.எல்-5 ஊற்ற வேண்டாம். அதில் கூடுதலாக இருக்கும் கந்தகச் சேர்மம் சூட்டில் வெண்கலத்தையும் பித்தளையையும் அரிக்கக்கூடும். டிரெயின் பிளக்குக்கு அடியில் இருக்கும் செம்பு வாஷர் ஒருமுறை நசுங்கினால் இறுகிவிடும், ஒவ்வொரு தடவையும் புதுசு போடுங்கள். கசிகிறதே என்று பிளக்கை இன்னும் முறுக்கினால் மரைதான் போகும்.

அந்த லாரிக்கு இந்த முறை அளந்துதான் போட்டார்கள். ஃபோர்க்கும் தேய்ந்திருந்தது, அதையும் மாற்றினார்கள். கிளம்பும்போது டிரைவர் பழைய வாஷரைப் பையில் போட்டுக்கொண்டார். "எதுக்குண்ணே இது?" என்று கேட்டேன்.

"அடுத்த தடவ எவனாவது சாம்பிள் கேட்டா, இதக் காட்டி 'இத மாதிரி மட்டும் வேணாம்'னு சொல்லத்தான்" என்றார்.