ஏஸோர் என்னும் எபிரேயச் சொல்



பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வகுப்பில் எரேமியா தீர்க்கதரிசியின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமில் பேசியவர். நார்த்துணியால் ஆன கச்சை ஒன்றை வாங்கி இடுப்பில் கட்டிக்கொள்ளுமாறும், அதை நீரில் நனைக்கலாகாது என்றும் அவருக்குக் கட்டளை பிறக்கிறது. பின்னர் அதனை அவர் ஒரு பாறை இடுக்கில் மறைத்து வைக்கிறார். நெடுநாள் கழித்து எடுத்துப் பார்க்கையில் அது கெட்டு, ஒன்றுக்கும் உதவாததாகி இருக்கிறது. இறைவனைவிட்டு விலகிய மக்களுக்கு அது உவமை.

விளக்கத்தின்பொருட்டுக் கரும்பலகையில், காவலர் அணியும் தோல்வாரைப் போன்ற ஒன்றை வரைந்தேன். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, கச்சை உடலோடு ஒட்டியிருந்தது என்கிறீர்கள். வார் சட்டைக்கு மேலே அல்லவா இருக்கும்?" என்றான். நாளை சொல்கிறேன் என்று அவனை உட்கார வைத்தேன். அந்த நாளை வருவதற்குச் சில ஆண்டுகள் ஆயின.

தமிழ் வேதாகமத்தில் கச்சை என்று நாம் படிக்கும் இடங்களில் எபிரேய மூலத்தில் வெவ்வேறு சொற்கள் உள்ளன. ஹகோர் என்பது ஒன்று. யோனத்தான் தன் வாளோடும் வில்லோடும் தாவீதுக்குக் கொடுத்தது ஹகோர். அச்சொல்லின் பெண்பால் வடிவமான ஹகோரா, ஆதாமும் ஏவாளும் அத்தியிலைகளால் தைத்துக்கொண்ட உடைக்கும் பெயராகிறது. அவ்நேட் என்பது மற்றொன்று. இது பெரும்பாலும் குருமாரின் இடைக்கச்சையைக் குறிக்கும். அது நான்கு விரல் அகலமுடையது என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார்.

எரேமியா வாங்கியது இவ்விரண்டும் அன்று, ஏஸோர். இச்சொல் எபிரேய வேதத்தில் 14 முறையே வருகிறது. அவற்றுள் 8 முறை எரேமியாவின் 13ஆம் அதிகாரத்திலேயே வந்துவிடுகிறது. ஆகவே இச்சொல்லின் பொருளைத் தேடவேண்டிய இடமும் முதன்மையாக அதுவே.

அங்கே ஏஸோர் இடுப்பைப் பற்றியிருப்பதைச் சொல்ல வரும் வினைச்சொல் தாவக் என்பது. பிரிக்கவொண்ணாதபடி ஒட்டிக்கொள்ளுதல் என்று அதற்குப் பொருள். ஆடவன் தன் பெற்றோரைவிட்டு மனைவியோடு இணைவதைக் கூறும் ஆதியாகம வாக்கியத்திலும் இதே வினைதான் வருகிறது. இத்தகைய வினைச்சொல் மேலங்கியின்மேல் கட்டிய வாருக்குப் பொருந்துமோ? பொருந்தாது. மேனியை ஒட்டி இடுப்பைச் சுற்றி உடுத்தும் துணிக்கே அது பொருந்தும். நீரில் நனைக்கலாகாது என்ற கட்டளையும் அப்பொழுதுதான் விளங்குகிறது என்பது என் கருத்து. வியர்வை படும் அரைத்துணியை அன்றாடம் துவைத்தாக வேண்டும்; தோல்வாரை யாரும் துவைப்பதில்லை.

ஆங்கில மொழிபெயர்ப்பாளர்களும் இவ்விடத்தில் ஒருமனப்படவில்லை. 1611ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்பு இடைக்கச்சை என்றது. 1952ஆம் ஆண்டினது இடுப்புத்துணி என்றது. 1989ஆம் ஆண்டினது அரைத்துணி என்றே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. இன்னும் வார் என்றே பெயர்ப்பவர்களும் இருக்கிறார்கள். நம் தமிழ்ச் சொல்லில் எனக்குக் குறை தோன்றவில்லை. கச்சை என்பது இடுப்பில் இறுக்கும் பட்டையையும் குறிக்கும். அரையில் உடுத்தும் துணியையும் குறிக்கும். பிழை நான் வரைந்த படத்தில் இருந்தது.

எல்லா இடங்களிலும் ஏஸோர் துணிதான் என்றும் சொல்லிவிட முடியாது. எலியா தீர்க்கதரிசி அணிந்தது தோலாலான ஏஸோர். ஏசாயா தாம் எதிர்நோக்கும் அரசனுக்கு நீதியையே ஏஸோர் ஆக்குகிறார். அங்கே அழகுக்கு அணியும் பட்டையை நினைப்பதைவிட, உடம்பை விட்டு நீங்காத உடையை நினைத்தால் உருவகம் ஆழம் பெறுகிறது.

யோபு நூலில்தான் சிக்கல். இறைவன் மன்னர்களின் கட்டை அவிழ்த்து, அவர்கள் இடுப்பில் ஏஸோரைக் கட்டுகிறார் என்ற கருத்து அங்கே வருகிறது. ஏஸோர் அரசனுக்குரிய கச்சையானால், அவர் மன்னர்களுக்குப் பெருமை அளிக்கிறார் என்றாகும். அரைத்துணியானால், பட்டாடையைக் களைந்து கைதியின் கோலத்தில் நிறுத்துகிறார் என்றாகும். ஒரு சொல்லின் பொருளால் அரசன் அரியணையில் அமர்கிறான், அல்லது சிறைக்குப் போகிறான். மன்னரும் ஆலோசகரும் குருமாரும் வீழ்வதையே அப்பகுதி தொடர்ந்து கூறுவதால், நான் இரண்டாவது பொருளையே கொள்கிறேன். முதற்பொருளைக் கொண்ட அறிஞர்களும் உளர்.