உண்மை விலங்குக் கதைகளும் மொழித்திறனும்

எழுத்தை அறிவது வேறு. எழுதப்பட்டதன் பொருளை அறிவது வேறு. பாடநூலில் ஒரு பக்கத்தைத் தடங்கலின்றி உரக்க வாசித்துவிட்டு, "இதில் என்ன கூறப்பட்டுள்ளது?" என்று வினவினால் விடை தெரியாது விழிக்கும் பிள்ளைகள் உண்டு. பொருள் மனத்தில் பதியாத வாசிப்பில் பிள்ளைக்கு இன்பம் பிறப்பதில்லை. இன்பம் தராத வாசிப்போ தேர்வு முடிந்தவுடன் நின்றுவிடும். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்ற பிள்ளை அதன்பின் தமிழ் நூலையே தொடாது போவதைவிடப் பெரிய இழப்பு நமக்கு வேறில்லை. இக்குறையைப் போக்க உதவும் எளிய கருவிகளுள் ஒன்று, உண்மையாக நிகழ்ந்த விலங்குக் கதையாகும்.

பஞ்சதந்திரக் கதைகளில் நரி பேசும், சிங்கம் ஆணையிடும். அவை அறிவு புகட்டும் நல்ல கதைகளே. எனினும், அங்கே விலங்கு நினைப்பதை எல்லாம் விலங்கே சொல்லிவிடுகிறது. உண்மைக் கதையில் விலங்கு பேசுவதில்லை. அதன் செயலைப் பார்த்துப் பொருளை உணரவேண்டிய பொறுப்பு வாசிப்பவருடையது. "இது மெய்யாகவே நடந்ததா?" என்னும் வினா எழுந்தவுடன் பிள்ளை மீண்டும் பக்கத்தைப் புரட்டுகிறது. கருத்துணர்ந்து வாசித்தல் அங்கேதான் தொடங்குகிறது.

பள்ளிப் பாடமான ஒரு நாய்

சப்பான் நாட்டில் 1923ஆம் ஆண்டு பிறந்த ஹச்சிக்கோ என்னும் நாய், தோக்கியோவில் வேளாண்மைப் பேராசிரியர் உவேனோவின் இல்லத்தில் வளர்ந்தது. அவர் மாலையில் திரும்பும் நேரத்தில் அது சிபுயா தொடர்வண்டி நிலையத்திற்குச் சென்று அவரை வரவேற்கும். 1925ஆம் ஆண்டு மே மாதம் அவர் பணியிடத்திலேயே காலமானார். ஹச்சிக்கோவோ 1935ஆம் ஆண்டு மார்ச் மாதம் தான் இறக்கும்வரை, ஏறக்குறையப் பத்தாண்டுகள், அந்நிலையத்திற்கு வந்துகொண்டிருந்தது. அது உயிரோடிருந்த 1934ஆம் ஆண்டிலேயே அங்கே அதற்குச் சிலை எழுப்பப்பட்டது. அதன் கதை சப்பானியத் தொடக்கப்பள்ளிப் பாடநூலிலும் இடம்பெற்றது.

இக்கதையை வாசித்த மாணவரிடம் இரண்டு வாக்கியங்களைக் கொடுக்கலாம். "நாய் நிலையத்திற்கு வந்தது." "நாய் பேராசிரியரை எண்ணி வருந்தியது." இவற்றுள் எது மக்கள் கண்ணால் கண்டது? எது நாம் உய்த்துணர்வது? இவ்வேறுபாட்டை அறிந்த மாணவர் நாளிதழ்ச் செய்தியையும் தெளிவாக வாசிக்க வல்லவராவார்.

நம் தோட்டத்துக் கதைகள்

இத்தகைய கதைகளுக்கு நாம் சப்பான்வரை செல்லவேண்டியதில்லை. செம்பனை, ஆப்பிரிக்காவிலிருந்து நம் நாட்டிற்கு வந்த மரம். மரம் வந்தது, அதன் பூக்களில் மகரந்தம் சேர்க்கும் பூச்சி உடன் வரவில்லை. ஆகவே, தோட்டப் பாட்டாளிகள் ஆண் பூவின் மகரந்தத்தைச் சேகரித்து, டால்க் தூளுடன் கலந்து, பெண் பூக்களின்மேல் கையால் தூவிவந்தனர். பின்னர் ஆய்வாளர்கள் கேமரூன் நாட்டுச் செம்பனைகளில் வாழும் சிறு கூன்வண்டு ஒன்றை ஆராய்ந்தனர். அது பிற பயிர்களுக்குத் தீங்கு செய்யாது எனக் கண்டபின், 1981ஆம் ஆண்டு மலேசியத் தோட்டங்களில் அவ்வண்டு விடப்பட்டது. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அவ்வண்டு, மனிதர் கையால் செய்துவந்த பணியைச் சில ஆண்டுகளில் தானே மேற்கொண்டது. அன்று மகரந்தம் தூவிய பாட்டிமார் எவரேனும் வீட்டிலோ அண்டையிலோ இருப்பின், அவரே இப்பாடத்தின் சிறந்த ஆசிரியர்.

மற்றொன்று, வெண்ணிற முகமுடைய கூகையின் கதை. இரவில் கூகையின் குரல் கேட்டால் தீய சகுனம் என அஞ்சுவோர் நம்மிடையே உள்ளனர். உண்மையில், செம்பனைக் கனியையும் நெற்பயிரையும் அழிக்கும் எலிகளை அது வேட்டையாடுகின்றது. இதற்காகவே தோட்டங்களிலும் கெடாவின் நெல்வயல்களிலும் கம்பங்களின்மேல் கூட்டுப் பெட்டிகள் அமைத்து அதனை வரவேற்கின்றனர். எலியை முழுமையாக விழுங்கும் கூகை, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாக வெளியே கக்கிவிடும். பெட்டியின் அடியில் கிடக்கும் அவ்வுருண்டைகளே அது உண்ட உணவுக்குச் சான்று. மெர்கோங்கைச் சூழ்ந்த வயற்புறங்களில் வாழும் நம் பிள்ளைகள், அச்சத்தை விட்டு ஆராயத் தொடங்குவதற்கு இதனினும் நல்ல பாடம் ஏது?

மொழி வளரும் வகை

இக்கதைகள் இலக்கணத்தையும் இயல்பாகக் கற்பிக்கின்றன. "நாய்கள் வந்தது" என எழுதுவது மாணவரிடம் அடிக்கடி காணப்படும் பிழை. "நாய் வந்தது, நாய்கள் வந்தன" என்னும் அஃறிணை ஒருமை பன்மை வேறுபாடு, விலங்குக் கதைகளில் வரிக்கு வரி பயிற்சி பெறுகிறது. மரபுச் சொற்களும் அவ்வாறே. நாய் குரைக்கும், யானை பிளிறும், குதிரை கனைக்கும், ஆந்தை அலறும், கூகை குழறும். நாய்க்குட்டி, பசுக்கன்று, கோழிக்குஞ்சு, அணிற்பிள்ளை என இளமைப் பெயர்களும் வேறுபடும். தொல்காப்பியம் தன் மரபியலில் இப்பெயர்களைத் தொகுத்துக் கூறும் அளவிற்கு நம் முன்னோர் விலங்குகளைக் கூர்ந்து நோக்கியுள்ளனர். பட்டியலாக மனனம் செய்த சொல் மறந்துபோகும். கதையோடு வந்த சொல் நிலைத்து நிற்கும்.

ஆசிரியர் கதையை முதலில் சொல்லலாம், மாணவர் கேட்கட்டும். அடுத்துத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லட்டும். பின்னர் வாசிக்கட்டும். இறுதியாக, தாம் கண்ட ஒரு விலங்கைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதட்டும். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் ஆகிய நான்கு திறன்களும் ஒரே கதையில் கைவரும்.

பெற்றோர் பங்கு

"நாங்கள் அதிகம் படிக்கவில்லை, பிள்ளைக்கு என்ன சொல்லித் தருவது?" எனத் தயங்கும் பெற்றோர் பலர். பால்மரக் காட்டில் கண்ட பாம்பு, வளர்த்த பசு, வேலிக்குள் புகுந்த காட்டுப்பன்றி, கூரையில் கூடு கட்டிய குருவி ஆகிய அனைத்தும் நீங்கள் அறிந்த உண்மைக் கதைகளே. இரவு உணவிற்குப்பின் பத்து நிமிடம் ஒதுக்கி, கண்டதைக் கண்டவாறே கூறுங்கள். பிள்ளை அதனைக் குறிப்பேட்டில் எழுதி உங்களுக்கே வாசித்துக் காட்டட்டும். "நான் சொன்னது இதுதானா?" என்று நீங்கள் செவிமடுத்துத் திருத்தலாம். அதற்குப் பட்டம் தேவையில்லை.

மாணவச் செல்வங்களே! இன்று வீடு திரும்பியதும் பெற்றோரிடமோ தாத்தா பாட்டியிடமோ ஒரு விலங்கின் உண்மைக் கதையைக் கேளுங்கள். எங்கே, எப்போது, எவ்வாறு நடந்தது என வினவி எழுதுங்கள். அவ்வாறு எழுதப்பெறும் குறிப்பேடுகள் நிறையுமாயின், நம் வகுப்பறையிலேயே ஒரு நூலகம் உருவாகும்.