கேபினட்டிலும் 12 வோல்ட், வண்டியிலும் 12 வோல்ட்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஒரு முறையாவது கேபினட்டைத் திறந்து பார்த்திருப்பீர்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து பல நிறங்களில் வயர்கள் வரும். வழக்கமாக மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், கருப்பு எர்த். சிறிய சரக்கு வண்டியின் பேட்டரியும் 12 வோல்ட்தான். அப்படியானால் கேபினட்டில் மின்விசிறி மாட்டுவது போலவே வண்டிக்குள் விளக்கும் மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். அதில் பாதிதான் உண்மை.

என் மாமா கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு மளிகைச் சாமான் ஏற்றிச் செல்பவர். கச்சிராயபாளையம் தாண்டி மலையேறி, வெள்ளிமலை போய்ச் சேர்வதற்குள் பல நாள் இருட்டிவிடும். மூடிய பெட்டிக்குள் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மூட்டை இறக்குவார். "மாப்ள, நீ கம்ப்யூட்டர் இன்ஜினியர்தானே, உள்ள ஒரு லைட்டு போட்டுக் குடேன்" என்றார்.

பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்து, ஸ்விட்ச் வைத்து, எல்.இ.டி. விளக்குகளை இணைத்தேன். நன்றாகவே எரிந்தன. மூன்றாம் நாள், மலை வளைவுகளில் வண்டி குலுங்கியதில் தகரத் துளையின் ஓரம் உரசி வயரின் தோல் கிழிந்துவிட்டது. கருகல் வாடை வரவே, மாமா வண்டியை நிறுத்தி பேட்டரி இணைப்பைக் கழற்றினார். சாமானும் வண்டியும் தப்பின. தவறு என்னுடையதுதான்.

என்ன வித்தியாசம்?

கேபினட்டுக்குள் மஞ்சள் வயர் கருப்பைத் தொட்டால், நல்ல எஸ்.எம்.பி.எஸ். தானே அணைந்துவிடும். அந்தப் பாதுகாப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. பேட்டரிக்கு அது கிடையாது. வண்டியின் இரும்பு உடல் முழுவதும் எர்த் என்பதால், பாசிட்டிவ் வயர் எங்கே தகரத்தைத் தொட்டாலும் ஷார்ட்தான். அப்போது பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்கும். மெல்லிய வயர் பழுத்து, தீப்பிடிக்கும். ஆகவே பாதுகாப்பை நாம்தான் வைக்க வேண்டும். அதுதான் ஃபியூஸ்.

கணக்கு எளிது

10 வாட் விளக்குகள் இரண்டு என்றால் 20 வாட். அதை 12 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 1.7 ஆம்பியர். ஃபியூஸ் இதைவிடக் கூடுதலாகவும், வயர் தாங்கும் அளவைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். 1 சதுர மி.மீ. செம்பு வயருக்கு 5 ஆம்பியர் ஃபியூஸ் பொருத்தம்.

செய்யும் முறை

1. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பேனர் தகரத்தில் பட்டதும் பொறி பறக்கும்.

2. பாசிட்டிவ் முனையை ஒட்டியே ஃபியூஸை வையுங்கள். விளக்கின் பக்கத்தில் வைத்தால், இடையிலுள்ள வயருக்குப் பாதுகாப்பு இல்லை.

3. தகரத்தில் போட்ட ஒவ்வொரு துளைக்கும் ரப்பர் வளையம் போடுங்கள். வயரைக் குழாய்க்குள் செலுத்தி, ஆடாமல் கிளிப் அடியுங்கள்.

4. ஃபியூஸிலிருந்து ஸ்விட்சுக்கும், அங்கிருந்து விளக்குக்கும் வயர் போகட்டும். விளக்கின் மறுமுனையை, பெயின்ட் சுரண்டிய இடத்தில் வண்டி உடலோடு போல்ட் வைத்து இறுக்குங்கள்.

5. ஸ்விட்ச் பின்கதவருகே இருக்கட்டும். அதிலேயே சிறு விளக்கு எரியும் வகை நல்லது. அணைக்க மறந்தால் 10 மணி நேரத்தில் 17 ஆம்பியர்-அவர் போய்விடும். 40 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இது பாதிக்குச் சற்றே குறைவு. காலையில் வண்டி கிளம்பாமல் போகலாம்.

6. நெகட்டிவ் இணைப்பைக் கடைசியில் மாட்டுங்கள்.

கவனிக்க!

கேபினட் அலங்காரத்துக்கு விற்கும் 12 வோல்ட் எல்.இ.டி. பட்டையை வண்டியில் ஒட்டாதீர்கள். என்ஜின் ஓடும்போது மின்னழுத்தம் 14 வோல்ட்டைத் தாண்டும். பட்டை சூடாகிச் சீக்கிரம் கெடும். பெரிய லாரிகளிலோ 24 வோல்ட், போட்டவுடன் கருகிவிடும். 10 முதல் 30 வோல்ட் வரை என்று குறித்த வண்டி விளக்கையே வாங்குங்கள்.

இப்போது மாமா இரண்டு கைகளாலும் மூட்டை இறக்குகிறார். நீங்கள் வயர் போடும்போது, ஃபியூஸிலிருந்து தொடங்குங்கள்.