சுருக்கிய வயிறும் அவசர வார்டும்

எடை குறைப்புச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவரின் வயிற்றைப் பார்த்து அந்தச் சிகிச்சை நடந்ததென்று யாராலும் சொல்ல முடியாது. லப்பரஸ்கோப் வழியாகச் செய்வதால் நான்கைந்து சின்னத் தழும்புகள்தான் மிஞ்சும். பித்தப்பை எடுத்தவருக்கும் அதே போன்ற தழும்புகள்தான் இருக்கும். உள்ளே உறுப்புகளின் அமைப்பே மாறியிருக்கிறது என்பதை, நள்ளிரவில் வலியோடு வரும் நோயாளியை முதலில் பார்க்கும் வைத்தியருக்கு யாராவது வாய்விட்டுச் சொன்னால்தான் உண்டு. சொல்லாவிட்டால் சாதாரண வயிற்றுக்குரிய வைத்தியம் நடக்கும். அந்த வைத்தியத்தில் சில இந்த வயிற்றுக்கு ஆபத்தானவை.

சத்திரசிகிச்சையில் பிரதானமானவை இரண்டு. ‘ஸ்லீவ்’ முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நீளவாக்கில் வெட்டி அகற்றப்படுகிறது. எஞ்சும் ஒடுங்கிய குழாயின் விளிம்பு ஸ்டேப்ளரால் மூடப்படுகிறது. ‘பைபாஸ்’ முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் சிறு பை ஒன்றை ஒதுக்கி, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைக்கிறார்கள். இதன் மூல வடிவம் 1966இல் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் தொடங்கியது. கொழும்பில் ‘பைபாஸ் செய்தவர்’ என்றால் எல்லோரும் இதயத்தைத்தான் நினைப்பார்கள். ஆகவே ‘வயிற்றில் பைபாஸ், எடை குறைக்கச் செய்தது’ என்று முழுதாகச் சொல்வது அவசியம்.

இலங்கையில் வளர்ந்தோரில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு, உடல் எடையோடு நெருங்கிய தொடர்புள்ள சீனி வருத்தம் இருக்கிறது. ஆசிய உடல்வாகுக்கு உடற்பருமன் சுட்டெண் 27.5ஐத் தாண்டினாலே இந்தச் சத்திரசிகிச்சையை முன்வைக்கலாம் என்று 2022ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டல் சொல்கிறது. எனவே வரும் ஆண்டுகளில் இதைச் செய்துகொள்வோர் அதிகரிக்கவே போகிறார்கள். 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் எடை குறைப்புச் சத்திரசிகிச்சையின்போது புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர் இறந்ததிலிருந்து, தமிழ் வீடுகளில் பயம் முழுவதும் ஒப்பரேஷன் மேசையிலேயே நிற்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு நேரும் ஆபத்தைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

முதல் இரண்டு வாரங்களில் பயப்பட வேண்டியது ஸ்டேப்ளர் விளிம்பில் ஏற்படும் கசிவு. நூற்றில் ஒருவர் இருவருக்கு மட்டுமே வரும். ஆனால் வரும்போது பெரும்பாலும் நோயாளி வீடு திரும்பிய பிறகே வரும். இதன் குணம் ஏமாற்றுவது. சாதாரண ஆளுக்குக் குடலில் ஓட்டை விழுந்தால் வயிறு பலகைபோல் இறுகும், தொட்டாலே துடிப்பார். பருமனான உடலில் வயிறு மென்மையாகவே இருக்கலாம், காய்ச்சலும் இல்லாமல் போகலாம். முதலில் எச்சரிப்பது நாடித்துடிப்புதான். ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் நிமிடத்துக்கு 120ஐத் தாண்டி இறங்காமல் நிற்கும் துடிப்பு, இடது தோளில் குத்தும் வலி, ‘ஏதோ நடக்கப்போகிறது’ என்ற இனம்புரியாத பதற்றம் ஆகியவை சேர்ந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை அதைக் கசிவு என்றே கொள்ள வேண்டும். பிரஷருக்காக அட்டெனோலோல், பிசோப்ரொலோல் போன்ற மாத்திரை எடுப்பவருக்கு இந்தத் துடிப்பு கூடாமலே மறைந்திருக்கும். அந்த மாத்திரையின் பெயரையும் வைத்தியர் காதில் போடுவது குடும்பத்தின் பொறுப்பு.

இதே காலத்தில் காலில் உறையும் இரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறுவதும் உண்டு. திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம் என்றால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

பைபாஸ் செய்தவருக்கு ஆபத்து ஆண்டுகள் கழித்தும் வரலாம். எடை குறையும்போது வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பும் கரைய, குடல் இணைப்புகளுக்கிடையிலான இடைவெளிகள் பெரிதாகின்றன. அதற்குள் குடல் நுழைந்து முறுகிக்கொள்கிறது. விட்டுவிட்டு வரும் வலி, சாப்பிட்டதும் கூடும் வலி, முதுகுக்கு ஓடும் வலி என்று தொடங்கும். இரத்தப் பரிசோதனை சரியாக இருக்கலாம். சிடி ஸ்கேன்கூடச் சரியாகத் தெரியலாம். ‘ஸ்கேன் நல்லா இருக்கு, வீட்டுக்குப் போங்க’ என்ற சொல்லோடு கதை முடிந்துவிடக் கூடாது. வலி நீடித்தால் லப்பரஸ்கோப் போட்டு உள்ளே பார்ப்பதே இதற்கான முறை. தாமதித்தால் குடல் அழுகும்.

வாந்தி தனியாகப் பேசப்பட வேண்டியது. இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பின் வாந்தி வரும் என்று எல்லோரும் சொல்லிவிடுவதால், நாட்கணக்கில் வாந்தி எடுப்பவரையும் குடும்பம் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது. உடலில் தயமின் என்னும் பி1 விட்டமினின் சேமிப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கே போதும். அது தீர்ந்தால் மூளை பாதிக்கப்படுகிறது: பார்ப்பவை இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். 1881இல் ஜேர்மனிய வைத்தியர் கார்ல் வேர்னிக்கே இந்நோயை முதலில் விவரித்தபோது, அவரது மூன்று நோயாளிகளில் இருவர் மதுப்பழக்கம் உள்ளவர்கள். மூன்றாமவர் அமிலம் குடித்து இரைப்பை சுருங்கி, ஓயாமல் வாந்தி எடுத்த ஓர் இளம் தையல்காரி. இன்று ஸ்லீவ் செய்துகொண்டு வாந்தி எடுப்பவரின் நிலை அந்தப் பெண்ணின் நிலைக்கு மிக நெருக்கமானது. களைத்துப்போய் வருபவருக்கு உடனே குளுக்கோஸ் சேலைன் ஏற்றுவது வழக்கம். தயமின் இல்லாத உடலில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் எஞ்சியிருக்கும் தயமினும் செலவழிந்து நிலை மோசமாகும். ‘எத்தனை நாளாக வாந்தி, தயமின் ஊசி போட்டாயிற்றா?’ என்பது அவசர வார்டில் கேட்கக்கூடிய மிகப் பயனுள்ள கேள்வி. ஊசி மலிவானது, கேள்வி கேட்கப்படாமல் போனால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போகலாம்.

வழக்கமான வைத்தியத்தில் இன்னும் சிலவற்றையும் கவனிக்க வேண்டும். வலி என்றதும் கைக்கு வரும் டைக்குளோபினாக், ஐபுப்ரோபன் வகை மருந்துகள் பைபாஸ் இணைப்பில் புண்ணை உண்டாக்கும், பனடோல் பரவாயில்லை. மூக்கு வழிக் குழாயைக் கண்மூடிச் செருகினால் புதிய தையல் கிழியலாம். 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கச் சொல்லும் சீனிப் பரிசோதனை, குறிப்பாகக் கர்ப்பிணிகளுக்கு, பைபாஸுக்குப் பின் ஏற்றதல்ல. சீனி வருத்தத்துக்கு எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் மாத்திரை எடுத்தவருக்கு, சீனி அளவு சாதாரணமாக இருக்கும்போதே இரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு.

இவ்வளவையும் சொல்ல வேண்டியவர் எங்கிருந்து வருகிறார் என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. கொழும்பின் கிராண்ட்பாஸிலிருந்து தேசிய வைத்தியசாலைக்கு ஆமர் வீதி, பஞ்சிகாவத்தை, மருதானை வழியாக மூன்று நான்கு கிலோமீட்டர்தான். இரவில் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடிவிடலாம் என்பதால் தோட்டத்து ஒழுங்கைகளில் பலர் 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணை அழைப்பதில்லை. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமானது. ஒழுங்கைக்குள் வண்டி வராவிட்டாலும் பிரதான வீதிவரை நோயாளியைத் தூக்கி வருவது நல்லது. ஏனெனில் வண்டியிலேயே நாடித்துடிப்பும் ஒட்சிசன் அளவும் பார்க்கப்படும். கசிவுக்கான முதல் சாட்சி அந்த நாடித்துடிப்பு எண்தான்.

வைத்தியசாலையில் அனுமதி அன்றைய முறைக்குரிய வார்டுக்கே போகும். ஒப்பரேஷன் செய்த நிபுணரின் வார்டு அன்று முறையில் இல்லாமல் இருக்கலாம். ஒப்பரேஷனே தனியார் மருத்துவமனையிலோ சென்னையிலோ நடந்திருக்கலாம். வாந்தி என்று சொன்னால் மருத்துவ வார்டு, வயிற்றுவலி என்று சொன்னால் சத்திரசிகிச்சை வார்டு என்று, வாயிலில் சொல்லும் முதல் வார்த்தையே வழியைத் தீர்மானிக்கிறது.

அந்த முதல் வார்த்தை எந்த மொழியில்? 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழி. சட்டத்தில் குறையில்லை. இரவு இரண்டு மணிக்கு அது நோயாளியின் உதவிக்கு வருவதில்லை. தமிழ் தெரிந்த வைத்தியர்கள் நிறையவே இருக்கிறார்கள். அந்த வார்டில் அந்த நேரத்தில் ஒருவர் இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. கிராண்ட்பாஸ் தமிழருக்குச் சந்தையிலும் பஸ்ஸிலும் பேசச் சிங்களம் தாராளமாக வரும். ‘பட ரிதெனவா’, வயிறு நோகிறது, என்று சொல்லிவிடலாம். விட்டுவிட்டு வருகிறதா, தோளுக்கு ஏறுகிறதா, சாப்பிட்டதும் கூடுகிறதா என்பதைச் சொல்லக் கடைத்தெருச் சிங்களம் போதாது. கடைசியில் நோயாளியும் வைத்தியரும் இருவருக்கும் பொதுவான ‘கேஸ்ட்ரைட்டிஸ்’ என்ற சொல்லில் வந்து நிற்கிறார்கள். கசிவும் குடல் முறுக்கும் அந்தச் சொல்லின் கீழ் மறைந்து, ஒமெப்ரசோல் மாத்திரையோடு நோயாளி வீடு திரும்பும் சாத்தியம் பெரிது.

மொழிபெயர்க்கப் பெரும்பாலும் அனுப்பப்படுவது பள்ளிக்கூடம் போகும் பிள்ளை. தாயின் உயிர் பற்றிய பேச்சைப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் சுமத்துவது கொடுமை. பயத்தில் அது பாதியை விழுங்கிவிடும். மலம், சிறுநீர், மாதவிடாய் பற்றிய கேள்விகளைச் சொல்லவே கூசும். பெண்கள் வார்டில் கணவன் நிற்க முடியாது. பார்வை நேரம் முடிந்தால் எவரும் நிற்க முடியாது. அதன் பிறகு சிங்களம் அரைகுறையாகத் தெரிந்த பெண் கட்டிலில் தனியே. அவளுக்காகப் பேச எஞ்சியிருப்பது ஒரு தாள்தான்.

ஒப்பரேஷன் முடிந்து தரப்படும் டயக்னோசிஸ் கார்ட் ஆங்கிலத்தில் இருக்கும். அதன் பிரதி பணப்பையிலும் படம் தொலைபேசியிலும் எப்போதும் இருக்க வேண்டும். அதோடு தெளிவான எழுத்தில் இன்னொரு தாளும் வேண்டும்: ஸ்லீவா, ரூ-என்-வை பைபாஸா, மினி பைபாஸா, நடந்த திகதி, நிபுணரின் பெயரும் தொடர்பு எண்ணும், எடுக்கும் மருந்துகள், மேலே சொன்ன தவிர்க்க வேண்டியவை. இதைச் சுகமாக இருக்கும் நாளிலேயே எழுதி, ஒப்பரேஷன் செய்த கிளினிக்கில் காட்டிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அவசர வேளையில் தாளை அனுமதிக் கரும பீடத்தில் நீட்டினால் போதாது. வார்டில் ‘டிக்கட்’ என்னும் நோயாளிக் குறிப்பேட்டை எழுதும் வைத்தியரின் கையில் கொடுத்து, டிக்கட்டின் முதல் பக்கத்தில் எழுதும்படி கேட்க வேண்டும். காலையில் முறை மாறி வரும் வைத்தியர் படிப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

பேச்சின் ஒழுங்கும் முக்கியம். வலியை முதலில் சொன்னால் வலிக்கு மருந்து வரும். ஒப்பரேஷனை முதலில் சொன்னால் யோசனை வரும். ‘மூன்று மாதத்துக்கு முன் எடை குறைக்க ஸ்லீவ் செய்தது, இரண்டு நாளாக வாந்தி, நாடி 124’ என்று அவ்வளவே. நம் வீடுகளில் வைத்தியரிடம் கேள்வி கேட்பது மரியாதைக்குறைவு என்று இன்னும் நினைக்கிறார்கள். ‘டொக்டர், இது கசிவாக இருக்குமா? சத்திரசிகிச்சைப் பக்கம் ஒருமுறை காட்டலாமா?’ என்ற கேள்வியில் மரியாதைக்குறைவு எதுவுமில்லை. பதில் ‘பார்ப்போம்’ என்றே நின்றால், ரெஜிஸ்ட்ராரையோ கன்சல்டனையோ பார்க்க வேண்டுமென்று பணிவோடு, ஆனால் மறுபடியும் மறுபடியும் கேட்க வேண்டும். ‘மிஸ், நாடி எவ்வளவு?’ என்று தாதியிடம் மணிக்கொருமுறை கேட்டுக் குறித்துவைப்பதும் பலன் தரும். அவஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2013 முதல் ‘ரயன் விதி’யும், இங்கிலாந்தில் 2024 முதல் ‘மார்த்தா விதி’யும், நோயாளியின் நிலை மோசமாகிறது என்று கருதும் குடும்பம் வார்டுக்கு வெளியிலிருந்து இன்னொரு மதிப்பீட்டைக் கோர வழி செய்திருக்கின்றன. இரண்டுமே குடும்பத்தின் சொல் காதில் ஏறாமல் பிள்ளைகள் இறந்த பிறகு பிறந்தவை.

நெரிசலான வார்டில் ஒவ்வொரு குடும்பமும் இப்படிக் கேட்கத் தொடங்கினால் வேலை ஓடாது என்று வைத்தியர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. அதனால்தான் பேச்சு குறுகியதாகவும், ஒருவரே பேசுவதாகவும் இருக்க வேண்டும். கோபப்பட்டுக் கையெழுத்து வைத்துவிட்டு நோயாளியை வெளியே கூட்டிப்போவது மட்டும் வேண்டாம். வேறிடம் போகத்தான் வேண்டுமென்றால், மாற்றக் கடிதத்தோடு, அந்த இடத்தோடு பேசிய பிறகே போக வேண்டும்.

எடை குறைப்புச் சத்திரசிகிச்சை செய்யும் பிரிவுகளுக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டுக்கு அனுப்பும் ஒவ்வொருவருக்கும், ஆபத்து அறிகுறிகளையும் தவிர்க்க வேண்டிய மருந்துகளையும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் அச்சிட்ட ஓர் அட்டையைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.