டெல்லியில் ஏமாந்தால் ஊரிலிருந்தும் கேட்கலாம்

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு பயணம் செய்து புதுடெல்லி ரயில் நிலையத்தில் இறங்குபவரை முதலில் திணறடிப்பது கூட்டம், அடுத்தது வழி. ஒரு பக்கம் பஹார்கஞ்ச் வாசல், எதிர்ப்பக்கம் அஜ்மீரி கேட் வாசல். மெட்ரோவைப் பிடிக்க அஜ்மீரி கேட் பக்கம் போக வேண்டும். இதே ஊரில் பழைய டெல்லி, நிஜாமுதீன், ஆனந்த் விஹார் என்று வேறு பெரிய நிலையங்களும் உண்டு. கன்னியாகுமரியிலிருந்து கிளம்பும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் நிஜாமுதீனோடு நின்றுவிடும். பாஷை புரியாமல் பெட்டியோடு விழிக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் யாராவது தாமாக வந்து உதவ முன்வருகிறார். அவரை நம்பி ஏமாந்தவர்களில் பலர் புகார் கொடுப்பதே இல்லை. ‘ஊர் திரும்ப டிக்கெட் எடுத்தாகிவிட்டது, இந்தி தெரியாது, போலீஸ், கோர்ட் என்று டெல்லிக்கு யார் அலைவது?’ என்று விட்டுவிடுகிறார்கள். ஏமாற்றுபவரின் துணிச்சலுக்கு அடிப்படையே இந்தக் கணக்குதான். சட்டமோ இந்தக் கணக்கைச் செல்லாததாக்கிவிட்டது. வெளியூர்க்காரர் தம் ஊரில் இருந்தபடியே புகார் செய்ய இன்று வழிகள் இருக்கின்றன. அதற்கு அவர் கையில் ஏதாவது ஒரு ஆதாரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டெல்லியின் ஏமாற்று முறைகள் பல காலமாக மாறவில்லை. ‘உங்கள் டிக்கெட் கன்ஃபர்ம் ஆகவில்லை, அந்த ஆபீசில் முத்திரை வாங்க வேண்டும்’ என்பார்கள். ‘நீங்கள் புக் செய்த ஹோட்டலை மூடிவிட்டார்கள்’, ‘அந்தப் பக்கம் கலவரம், ரோட்டை அடைத்திருக்கிறார்கள்’ என்பார்கள். வெளிநாட்டவருக்கென்று நிலையத்திலேயே இருக்கும் ரயில்வே முன்பதிவு மையம் மூடிக்கிடப்பதாகச் சொல்லி, கன்னாட் பிளேஸ் பக்கம் அரசு அலுவலகம் போலவே பலகை மாட்டிய தனியார் ஏஜென்சிக்குக் கூட்டிப்போவதும் பழைய தந்திரமே. மத்திய அரசின் சுற்றுலா அலுவலகம் இருப்பது ஜன்பத் சாலை 88ஆம் எண்ணில். எல்லாத் தந்திரங்களிலும் ஓர் ஒற்றுமை உண்டு: பயணி போட்டு வந்த திட்டம் நடக்காது என்று முதலில் நம்பவைப்பார்கள், பிறகு கமிஷன் கிடைக்கும் இடத்துக்கு நகர்த்துவார்கள். எனவே பேச்சை ஆரம்பித்தது யார் என்று பார்ப்பது நல்ல சோதனை. நாமாகத் தேடிப்போய் விசாரிக்கும் கடைக்காரரோ காவலரோ நம்மைத் திசைதிருப்பி அடையப்போவது பெரும்பாலும் ஒன்றுமில்லை. தாமாக வருபவர் சொல்வதை, ஹோட்டலுக்கோ 139 என்ற ரயில்வே உதவி எண்ணுக்கோ நம் போனிலிருந்து நாமே பேசி உறுதிசெய்யும்வரை நம்பக் கூடாது.

ஏமாறாமல் இருக்க உதவும் சீட்டுதான், ஏமாந்தபின் சாட்சியாகவும் நிற்கிறது. டெல்லி போக்குவரத்துக் காவல்துறையின் ப்ரீபெய்டு ஆட்டோ கவுன்டரில் பணம் கட்டினால் கட்டணம் குறித்த சீட்டு கிடைக்கும். அதைச் சேரவேண்டிய இடத்தில் இறங்கிய பிறகே ஓட்டுநரிடம் கொடுக்க வேண்டும். வழியில் கொடுத்தால் நம் பிடி போய்விடும். மீட்டர் ஆட்டோவுக்கு 2023 ஜனவரியில் அறிவித்த கட்டணம், முதல் 1.5 கிலோமீட்டருக்கு 30 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 11 ரூபாய், இரவு 11 முதல் காலை 5 மணிவரை 25 சதவீதம் கூடுதல். இப்படிப்பட்ட அளவுகோல் ஒன்று தெரிந்தால்தான் கேட்பது நியாயமா என்று எடைபோட முடியும். ஏறும் முன் வண்டி எண்ணைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவது பாதுகாப்புக்கும் ஆகும், ஆதாரத்துக்கும் ஆகும்.

பொருள் பறிபோனால் என்ன செய்வது? 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி, போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். இதைத்தான் ஜீரோ எப்.ஐ.ஆர். என்கிறார்கள். டெல்லியில் பை பறிபோனவர் திருநெல்வேலிக்கு வந்து, தமிழிலேயே புகார் சொல்லலாம். அது டெல்லிக்கு அனுப்பப்படும். புகாரை மின்னணு வழியில் கொடுத்திருந்தால், கொடுத்தவர் 3 நாட்களுக்குள் அதில் கையெழுத்திட வேண்டும். எழுதியதைப் புகார்தாரருக்குப் படித்துக் காட்டவேண்டும், நகலை இலவசமாகத் தரவேண்டும் என்பதும் சட்டம். ஆகவே புரியாத இந்தித் தாளில் கையெழுத்துப் போட யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஒரு வரம்பும் உண்டு: 5,000 ரூபாய்க்குக் குறைவான சாதாரணத் திருட்டில் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் புலனாய்வு செய்ய முடியாது. வழிப்பறி போல வெடுக்கென்று பிடுங்கிப்போவது தனிக்குற்றம். அதற்கு இந்த வரம்பு கிடையாது. அதனால் நடந்ததை நடந்தபடி, பிடுங்கினார்கள் என்றால் பிடுங்கினார்கள் என்றே எழுத வேண்டும்.

‘சட்டம் சொல்கிறது, போலீஸ் பதிய வேண்டுமே?’ என்று கேட்பது நியாயம்தான். திருட்டுப் புகாரோடு போனவரிடம், ஆன்லைனில் ‘பொருள் தொலைந்தது’ என்று பதிந்துகொள்ளச் சொல்லி அனுப்புவதுண்டு. அந்த ரசீது மாற்று ஆவணம் வாங்க உதவுமே தவிர, அதன்பேரில் யாரும் திருடனைத் தேடமாட்டார்கள். நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றத்தில் பதிவு கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. நிலைய அதிகாரி மறுத்தால் புகாரை எழுதிக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அவரும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு செய்யலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி உரிமை உண்டு. அதற்கான எண் 15100. வங்கிக் கணக்கிலிருந்து மோசடியாகப் பணம் போனால், போலீஸ் நிலையத்துக்கு ஓடும் முன்பே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் வங்கிக்கும் சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியாளால் போன பணத்தை 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் நமக்கு நஷ்டமில்லை; ஓ.டி.பி.யை நாமே சொல்லியிருந்தால் புகார் செய்யும்வரை போனது நம் கணக்கில்தான்.

கடையும் ஹோட்டலும் ஏமாற்றினால் வழி இன்னும் எளிது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடர அனுமதிக்கிறது. வக்கீல் கட்டாயமில்லை, பொருளின் விலையோ சேவைக்குக் கொடுத்த தொகையோ 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணமும் இல்லை, கால வரம்பு இரண்டு ஆண்டு. கடையில் அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் வாங்குவது குற்றம். பில்லில் தானாகச் சேர்க்கும் சர்வீஸ் சார்ஜ் கூடாது என்ற 2022 வழிகாட்டுதலை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதிசெய்தது. முதல் கட்டமாக 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். ஆனால் பில் இல்லாவிட்டால் எதிர்த்தரப்பின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

இருநூறு ரூபாய்க்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். எல்லாவற்றுக்கும் வழக்குப் போட வேண்டியதில்லை. வண்டி எண்ணோடு ஒரு போன் செய்ய அதிக நேரம் ஆகாது. உரிமை இருப்பதால் பணம் கட்டாயம் திரும்பும் என்றும் சொல்ல முடியாது. ஓடும் ரயிலில் பயணியின் பணம் திருடு போனது ரயில்வேயின் சேவைக் குறைபாடு அல்ல என்று 2023இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. உடைமையைக் காப்பது முதலில் நம் பொறுப்பு. இப்படி எச்சரிப்பது டெல்லிவாசிகளை மொத்தமாகச் சந்தேகிப்பதும் ஆகாது. நிலைய வாசலில் வலைவிரிப்பவர் ஒரு சிறு கூட்டம். வெளியூர்க்காரரின் மௌனத்தை நம்பியே அது பிழைக்கிறது. பயணி புகார் செய்துவிட்டால் இழந்தது வராமல் போனாலும், அந்த வண்டி எண்ணும் கடைப் பெயரும் பதிவேட்டில் ஏறிவிடும். அடுத்து இறங்குபவரின் புகார் அங்கிருந்து தொடங்கும்.